டான்காஸ்டரில் பதினாறு நிமிடங்கள்

கூல், யார்க்‌ஷயர்
28 ஏப்ரல் 1987

மருமகள் ஹேசலுக்கு,

கிளிஃபோர்ட் மாமா எழுதுவது. நான் இங்கே கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன். உன் புருஷன் டெரிக்கின் முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டதாகச் சொல். மரியாதைக்குக் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாயிற்று. இனி விஷயம்.

சனிக்கிழமை டான்காஸ்டர் ஸ்டேஷனில் நீ என்னைக் கொலை செய்துவிட்டாய்.

நாற்பத்தேழாம் வகை ரயில் இன்ஜின் இந்தத் தேசத்தில் மொத்தம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு. அதில் ஐந்நூற்றுப் பதினொன்றை என் கண்ணால் பார்த்து, இன்ஜின் எண்கள் அச்சிட்ட புத்தகத்தில் அந்தந்த எண்ணுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன். பாக்கி ஒன்றே ஒன்று. 47 196. அந்தத் திருட்டுக் கழுதைக்காகப் பத்தொன்பது வருஷம் அலைந்தவன் நான். கார்டிஃபில் மூன்று நாள் மழையில் நின்றேன். அந்த மழையை நோவா பார்த்திருந்தால் திரும்பிப் போய் இன்னொரு கப்பலுக்கு அஸ்திவாரம் போட்டிருப்பார். இன்வர்நெஸ் பனியில் என் மீசையைச் சுத்தியால் உடைத்துத்தான் வாய்க்குள் டீ ஊற்றினார்கள். எனக்கு நிச்சயம் செய்திருந்த எடித், "நானா, இன்ஜினா, ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்றாள். "எந்த இன்ஜின்?" என்று கேட்டேன். கல்யாணம் அத்தோடு முடிந்தது. நான் கேட்ட அந்த 'எந்த இன்ஜின்' இதுதான்.

நீ என்ன செய்தாய்? நட்ட நடுப்பகலில், "மாமா, மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கு, வாங்க, காளைத்தலை பப்புல கொஞ்சம் உக்காந்துட்டு வரலாம்" என்று என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாய். நான் பப்பில் உட்கார்ந்திருந்த அந்தச் சமயத்தில்தான் 196 கடந்து போயிருக்கிறது. நார்மன் பார்த்துவிட்டான். முப்பது வருஷமாக என் பக்கத்தில் நின்று என் சாண்ட்விச்சைத் தின்ற நார்மன் பார்த்துவிட்டான், நான் பார்க்கவில்லை.

பப்பில் நடந்ததோ தனிக் கொலை. கடைக்காரம்மாவின் காதில் நீ ரகசியம் சொன்னாய். அது ஷெஃபீல்டு வரைக்கும் கேட்டிருக்கும். "இவருக்கு அரை கிளாஸ் பீர்தான் குடுங்க, பிரஷர் இருக்கு." அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, "சரி கண்ணு, ஐயாவுக்கு உறிஞ்சுறதுக்குக் குழாய் ஏதும் போடவா?" என்றாள். டாமினோ ஆடிக்கொண்டிருந்த கிழங்கள் சிரித்த சிரிப்பில் ஒருத்தனுடைய பல்செட் மேஜைமேல் விழுந்து, அதையும் இரட்டை ஆறுக் காய் என்று எண்ணிவிட்டார்கள்.

உன் அம்மா வின்னி இருந்திருந்தால். சரி, அந்தப் பேச்சு வேண்டாம்.

எனக்கு மன்னிப்புக் கடிதம் வர வேண்டும். நாலு பக்கம். இரண்டு பக்கமும் எழுதி.

உன்னால் பாழாய்ப்போன
கிளிஃபோர்ட் மாமா


லோஸ்டாஃப்ட்
4 மே 1987

அன்புள்ள மாமாவுக்கு,

டெரிக்கின் முதுகு தேவலை. நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் நன்றாக இல்லை. அதனால் நேராக அதற்கே வருகிறேன்.

இன்ஜின் போனபோது நாம் பப்பில் இல்லை. பப்புக்கு அப்புறம்தான் போனோம். நான் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. முந்நூற்று நாற்பது பிள்ளைகளுக்குப் பன்னிரண்டே காலுக்குத் தட்டில் சாப்பாடு விழ வேண்டும். கடிகாரம் பார்க்காமல் எனக்கு மூச்சே வராது. இன்ஜின் போனபோது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. நாம் பப்புக்குள் நுழைந்தது பன்னிரண்டு பத்துக்கு. நார்மனும் கூடத்தான் வந்தார். ஈரல் அடைத்த பேஸ்ட்ரி இரண்டு தின்றாரே, அது யார்? ஆவியா?

மறந்துவிட்டதென்றால் நானே சொல்கிறேன். பிளாட்பாரத்தின் கோடியில் நின்றிருந்தோம். கல் ஏற்றிய வண்டியை இழுத்துக்கொண்டு அது நடக்கிற வேகத்தில் வந்தது. நார்மன் குடையைப் போட்டுவிட்டுக் குதித்தார். "கிளிஃப், அதுதான்டா. ஒண்ணு தொண்ணூத்தாறுடா. பாத்துட்டியா, பாத்துட்டியா." நானே எண்ணைச் சத்தமாக வாசித்தேன். நீங்கள் அந்தப் பக்கம்தான் திரும்பியிருந்தீர்கள். "எங்கே?" என்றீர்கள். "உங்க மூக்குக்கு முன்னாடி மாமா" என்றேன். நாலு கஜ தூரம். நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வெயில் கண்ணைக் கூசுதும்மா."

மாமா, மழை பெய்துகொண்டிருந்தது.

பேனா கீழே விழுந்தது. நீங்கள் குனிந்து தரையெல்லாம் துழாவினீர்கள், அது உங்கள் ஷூவின் மேலேயே கிடந்தது. அதைப் பார்த்துத்தான் உங்களைப் பப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உங்கள் வலது கண் பார்சல் ஆபீஸில் பெட்டி ஆணி பட்டு 1951இலேயே பாதி போய்விட்டது, அது எல்லாருக்கும் தெரியும். சனிக்கிழமை இடது கண்ணுக்கு என்ன ஆயிற்று?

அம்மா செத்தது ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு போனில் "நல்லாத்தான்டி இருக்கேன்" என்றாள். நம்பினேன். பக்கவாதம் வந்து சமையல் அறையில் கிடந்தாள். நாலு வருஷமாக அந்த ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், குரலில் ஏதாவது தட்டுப்பட்டதா என்று. இன்னொருத்தர் "நல்லாத்தான் இருக்கேன்" என்றால் இனி நம்புவதாக இல்லை.

இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். மன்னிப்பு நாலு பக்கம் வேண்டுமென்றால் அப்புறம் தருகிறேன்.

ஹேசல்


கூல்
8 மே 1987

மகாராணி ஹேசல் அவர்களின் சமூகத்துக்கு,

தேக சௌக்கியம் விசாரித்திருந்தாய். கேட்டுக்கொள். இன்று காலை நிலக்கரி மூட்டை இரண்டைக் கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். மாடியில் கரி அடுப்பு இல்லை என்று ஞாபகம் வந்ததும் திரும்ப இறக்கினேன். மூச்சு வாங்கியது படிக்கட்டுக்குத்தான். மத்தியானம் ஒரு முழு மீன், ஒரு கூடை உருளைக்கிழங்கு. பக்கத்து வீட்டு விதவை என்னைப் பார்த்துவிட்டுத் திரைச்சீலையை இழுத்து மூடினாள், மனசு தடுமாறிவிடுமோ என்று.

உன் கடிகாரம் மாவிலும் குழம்பிலும் ஊறின கடிகாரம். நான் நாற்பத்திரண்டு வருஷம் ரயில்வே பார்சல் ஆபீஸில் இருந்தவன். ஸ்டேஷன் கடிகாரம் என்னைப் பார்த்துத்தான் தன்னைத் திருத்திக்கொள்ளும். நான் பப்பில் இருந்தேன் என்றால் பப்பில் இருந்தேன்.

மழை பெய்தது என்கிறாய். மழைக்குப் பின்னால் சூரியன் இல்லையா? சூரியன் விடுமுறைக்கு ஸ்பெயினுக்கா போயிருந்தது?

நார்மன் சாட்சி. அவனைக் கேள்.

சௌக்கியம் குன்றாத
கிளிஃபோர்ட் மாமா


லோஸ்டாஃப்ட்
13 மே 1987

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம்.

நீங்கள் வீட்டில் போன் வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறீர்கள், வைத்தால் ஆட்கள் பேசுவார்களாம். நார்மன் வைத்திருக்கிறார். கூப்பிட்டேன். "ஐயோ தாயி, அதை அவன்கிட்டயே கேளு, என்னை விட்டுரு" என்று வைத்துவிட்டார். உங்களுக்காகப் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வரவில்லை.

சரி, வேறு சாட்சி இருக்கிறது. எந்த வண்டி எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்குப் போனது என்று உடனுக்குடனே எழுதுகிற உங்கள் நோட்டு. அதில் மாற்றி எழுதுகிறவன் பிளாட்பாரத்தில் நிற்கவே லாயக்கில்லை என்பது ரயில் எண் குறிக்கிற உங்கள் ஆட்களின் சட்டம். பார்க்காத எண்ணுக்குக் கோடு போட்டான் என்று லீட்ஸ்காரர் ஒருவருடன் இருபது வருஷம் நீங்கள் பேசவில்லை. அவர் சாவுக்கும் போகவில்லை.

ஏப்ரல் 25, சனிக்கிழமை. பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டு வரை. அந்தப் பக்கத்தை அனுப்புங்கள். பப்பில் இருந்தீர்கள் என்று அதில் இருந்தால் நாலு பக்கம் இல்லை, நாற்பது பக்கம் எழுதுகிறேன்.

அது வரட்டும், வராமல் போகட்டும். 21ஆம் தேதி வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு உங்கள் தெரு டாக்டரிடம் உங்கள் பேரில் நேரம் வாங்கிவிட்டேன். புதிதாக வந்திருக்கும் அம்மா, டாக்டர் பிரிட்சர்ட். போங்கள்.

ஹேசல்


கூல்
16 மே 1987

ஹேசல்,

நான் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டாம், இரண்டு நாளைக்குப் பல்வலி வரட்டும்.

கசாப்புக் கடையில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒன்பது பேர், பின்னால் பதினோரு பேர், கொக்கியில் தொங்குகிற பன்றிகள் ஆறு. டாக்டர் வீட்டில் சீட்டு எழுதுகிற பெண் உள்ளே வந்தாள். "ஆக்ராய்ட் ஐயா, வியாழக்கிழமை மறந்துராதீங்க. வெறும் வயித்தோட வாங்க. ஒரு பாட்டில்ல ஒண்ணுக்குப் பிடிச்சுக் கொண்டாங்க. சின்ன பாட்டில் போதும்."

கசாப்புக்காரன் கத்தியை நிறுத்திவிட்டான். பின்னால் ஒருத்தி, "பாவம், நல்லா இருந்த மனுசன்" என்றாள். இருந்த. இறந்தகாலத்தில். தொங்கிக்கொண்டிருந்த பன்றிகள்கூட என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டன.

என்னைக் கேட்காமல் என் பேரில் நேரம் வாங்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? நான் யாருடைய அலமாரியிலும் தேதி ஒட்டி வைத்த ஜாம் பாட்டில் இல்லை. என் உடம்பு, என் கண், என் நோட்டு. மூன்றிலும் உனக்கு வேலை இல்லை.

கி. ஆக்ராய்ட்


(தபால் அட்டை. படத்தில் பீட்டர்பரோ தேவாலயம்)

பீட்டர்பரோ ஸ்டேஷன்
21 மே 1987, காலை 9.30

ஹேசல், இன்று எனக்கு ஏதோ வேலை இருந்ததாக ஞாபகம், என்னவென்று தெரியவில்லை. இங்கே நல்ல வெயில், உண்மையான வெயில். ஒரு மணி நேரத்தில் முப்பத்தேழு இன்ஜின், அத்தனை எண்ணும் பளிச்சென்று தெரிந்தது. ஒரு சின்ன பாட்டில் கொண்டுவந்தேன். அதில் இஞ்சி பீர். டெரிக்கின் முதுகுக்கு என் அன்பு. மாமா.


லோஸ்டாஃப்ட்
26 மே 1987

மாமா,

உங்கள் அட்டையைத் தபால்காரர் வாசித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே தந்தார். நான் சிரிக்கவில்லை. அதைக் கிழித்துக் குப்பையில் போட்டேன், பிறகு எடுத்து ஒட்டினேன், பிறகு மறுபடி கிழித்தேன். டெரிக் வெளியே போய் வேலிக்குப் பெயின்ட் அடிக்க ஆரம்பித்துவிட்டார். அந்த முதுகோடு.

உங்களுக்கு எல்லாம் வேடிக்கை. நீங்கள் சொல்கிற கதையைக் கேட்டு ஊரே சிரிக்கும், நானும் சிறுவயதிலிருந்து சிரித்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு பிளாட்பாரத்தில் உங்கள் முகத்தை நான் பார்த்தேன். பயந்த முகம். என்ன நடக்கிறதென்று தெரியாதவனின் பயம் இல்லை அது. என்ன நடக்கிறதென்று தெரிந்தவனின் பயம். அது எப்படி உங்களுக்குத் தெரியும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

நான் ஒருத்தியைப் புதைத்தாயிற்று. சொல்லாமலே செத்தாள். அவள்மேல் கோபப்படக்கூட எனக்கு வழி இல்லை, கல்லறைக் கல்லோடு சண்டை போட முடியாது. உங்களோடு முடியும். ஆகவே போடுகிறேன். கோடை விடுமுறைக்கு அங்கே வருவதாக இல்லை. கிறிஸ்துமஸுக்கு நீங்கள் இங்கே வர வேண்டாம். நோட்டின் அந்தப் பக்கம் வந்து சேரும்வரை உங்களுக்கு ஒரு வரி எழுத மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முடிப்பது வழக்கம். பார்த்துக்கொள்ள மாட்டீர்கள் என்பதுதானே சண்டையே.

ஹேசல்


கூல்
19 ஜூன் 1987

ஹேசலுக்கு,

நீ சுகமா. நான் சுகமில்லை. இதை எழுத மூன்று வாரமும் ஏழு தாளும் ஆயிற்று.

பக்கம் இத்துடன் இருக்கிறது. நோட்டிலிருந்து கிழித்தது. நாற்பத்தாறு வருஷத்தில் நான் கிழித்த முதல் பக்கம். தொலைந்துபோனால் இருக்கட்டும் என்று இங்கேயும் எழுதுகிறேன்.

11.28 — 37 082. தானிய வண்டி.
11.36 — 31 417. பயணிகள் வண்டி, ஆறு பெட்டி.

11.52 — 08 877. ஷன்டிங்.

நடுவில் வெறும் தாள். நார்மன் எண்ணைக் கத்தினான், நீயும் வாசித்தாய், என் காது இரண்டுக்கும் கேட்டது. கேட்டதை எழுத முடியாது. பார்த்ததைத்தான் எழுதலாம். உனக்கு எத்தனை பொய் வேண்டுமானாலும் எழுதிவிட்டேன், அந்த நோட்டில் ஒன்று எழுத வரவில்லை.

கறுப்புத் திரை ஒன்று மேலிருந்து மெதுவாக இறங்கியது. கடையைச் சாத்துகிற மாதிரி. இடது கண்ணில். வலது கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், எழுத்து தெரியாது. பதினாறு நிமிடம். அப்புறம் திரை தானாக ஏறிவிட்டது. 196இன் கடைசி வேகனின் பின்புறம்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

போன புதன்கிழமை மறுபடி வந்தது. பூத்ஃபெரி ரோட்டின் நட்டநடுவில். ரொட்டி வேன்காரன் ஒரு சாண் இடைவெளியில் நிறுத்தினான். தலையை நீட்டி, "யோவ், குருடா நீ?" என்றான். என் வாழ்நாளில் என்னைத் திட்டியவர்களில் அவ்வளவு சரியாகத் திட்டியவன் வேறு யாரும் இல்லை.

இனி எழுதப்போவது வேறு. உட்கார்ந்து படி.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாய். வின்னி சொல்லித் தெரியும். அவள் செத்தது வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்கு வந்தாள். "கிளிஃப், காலைல ஒரு கண்ணுல யாரோ திரையை இழுத்து விட்ட மாதிரி ஆச்சுடா. பத்து நிமிசம். அப்புறம் சரியாயிருச்சு" என்றாள். நான், "டீ குடி, வீட்டுக்குப் போய்ப் படு" என்றேன். "டாக்டருகிட்ட போகவா?" என்றாள். "திரை ஏறிருச்சுல்ல, அப்புறம் என்ன" என்றேன். வேடிக்கையாக வேறு ஒன்று சொன்னேன், நாடகம் முடிஞ்சாத்தான் திரை விழும், உனக்கு இன்னும் இடைவேளையே வரலை என்று. சிரித்தாள். "ஹேசல்கிட்ட சொல்லிராதே, வீடு மாத்துற வேலையில கிடக்கா, பயந்துருவா" என்றாள். சரி என்றேன். மறுநாள் காலை செத்துப்போனாள்.

நாலு வருஷமாக எனக்குத் தெரியும். உனக்குச் சொல்லவில்லை.

டாக்டரிடம் ஏன் போகவில்லை என்பதும் அதுதான். சாவுக்குப் பயந்து இல்லை. அந்த டாக்டர் அம்மா என்னைப் பார்த்துவிட்டு, இது சின்ன விஷயம் ஐயா, சரி பண்ணிடலாம் என்று சொல்லிவிட்டால்? எனக்குச் சரி பண்ண முடியும் என்றால் வின்னிக்கும் முடிந்திருக்கும். போகாத வரைக்கும் அது எனக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கத்தான் பீட்டர்பரோ வரைக்கும் ஓடினேன்.

இதில் உன்னைத் திட்ட எனக்கு ஒன்றும் இல்லை. உன்மேல் பட்ட கோபம் முழுக்க வேறு ஆளுக்கு வந்த பார்சல். விலாசம் மாற்றி உனக்கு அனுப்பிவிட்டேன்.

கிளிஃபோர்ட் மாமா


கூல்
8 ஜூலை 1987

ஹேசலுக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வராது என்று தெரியும். தபால்காரர் என் வாசலைக் கடக்கும்போது தலையைத் திருப்பிக்கொண்டு நடக்கிறார். நீ சுகமாக இருக்க வேண்டும். பல்வலி வரட்டும் என்று எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

போனேன். வெறும் வயிறு, பாட்டில், எல்லாம்.

டாக்டர் பிரிட்சர்ட் உன்னைவிடச் சின்னவள். கழுத்தில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள். "உள்ளே இரைச்சல் கேக்குது" என்றாள்.

"சரக்கு வண்டியா, பயணிகள் வண்டியா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "எத்தனை நாளா இப்படி?"

"ஏப்ரல்லேருந்து."

"அப்புறம் ஏன் இவ்வளவு நாள் வரலை?"

"ரயில் பாத்துக்கிட்டு இருந்தேன்."

மாத்திரை கொடுத்தாள். ஹல் நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அங்கே பெரிய டாக்டர் படம் போட்டுக் காட்டினார். கழுத்தில் மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதாம். உதிர்கிற துணுக்கு கண்ணுக்குப் போனால் திரை விழும், மூளைக்குப் போனால் ஆளே விழுவான். கழுத்தை அறுத்துக் குழாயைச் சுரண்டிச் சுத்தம் பண்ணலாம். பண்ணும்போதே ஆள் முடங்கிப்போவதும் உண்டு, மேஜையிலேயே போவதும் உண்டு. நேராகத்தான் சொன்னார்.

பிறகு பிரிட்சர்ட்டிடம் திரும்பிப் போய்க் கேட்டேன். "நாலு வருஷம் முன்னாடி என் தங்கச்சிக்கு இதே மாதிரி ஆச்சு. மறுநாள் செத்துப்போனா. அன்னைக்கே யாராவது அவளை டாக்டருகிட்ட அனுப்பியிருந்தா?"

"நான் அவங்களைப் பாத்ததில்லையே ஐயா. எப்படிச் சொல்ல?"

"சொல்லுங்க."

அவள் பேனாவை மூடி வைத்தாள். "ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்" என்றாள்.

எழுந்து வந்துவிட்டேன், தொப்பியை அங்கேயே விட்டுவிட்டு. நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று கேட்கவில்லை. வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் எண் கேட்டவன், அதற்குக் கேட்கவில்லை. தெருவில் அந்தப் பெண்மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அவளுடைய பட்டத்தைப் பிடுங்கிக் கால்வாயில் எறிந்திருப்பேன். ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

ஆபரேஷன் ஆகஸ்ட் 4, செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்திருக்கிறார்கள். சம்மதக் காகிதம் மேஜைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. போடுவதாகவும் இல்லை. வின்னிக்கு நான் தடுத்ததை எனக்கு மட்டும் வாங்கிக்கொள்வது எப்படி? உன்னிடம் யோசனை கேட்கவில்லை. முதலில் உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். போன தடவை உனக்குத் தெரியவில்லை.

கிளிஃபோர்ட்


லோஸ்டாஃப்ட்
17 ஜூலை 1987

மாமா,

நான் சுகமில்லை. இரண்டு கடிதத்தையும் படித்துவிட்டு நாலு நாள் வேலைக்குப் போகவில்லை. அஞ்சாம் நாள் போய் இருபது கிலோ உருளைக்கிழங்கைக் கூழாகும் வரை மசித்தேன். பிள்ளைகள் இவ்வளவு மிருதுவாகச் சாப்பிட்டதே இல்லை என்றார்கள்.

அம்மாவைப் புதைத்த அன்று உங்கள் தோளில் சாய்ந்து, "ஞாயித்துக்கிழமை நான் இன்னும் ரெண்டு வார்த்தை கேட்டிருந்தா" என்று அழுதேன். நீங்கள் முதுகைத் தட்டிக்கொடுத்து, "உனக்கு எப்படிம்மா தெரியும்" என்றீர்கள். இன்னொரு கையில் ஹாம் சாண்ட்விச் இருந்தது. எனக்கு எப்படித் தெரியும். உங்களுக்குத் தெரிந்திருந்தது மாமா. நாலு வருஷம் நான் ஞாயிற்றுக்கிழமையைக் குடைந்துகொண்டிருந்தேன், நடந்தது வியாழக்கிழமை. என்னைத் தப்பான கிழமையில் அழ விட்டுவிட்டீர்கள்.

அம்மாமேலும் கோபம்தான். சொல்லாதே என்று சொன்னது அவள். அவளுக்கு நாற்பது வயது மகள் நான் கண்ணாடிப் பாத்திரம், நீங்கள் பாதுகாப்பு அலமாரி. கடைசியில் உடைந்தது அவள்.

மன்னிக்கிறேன் என்று எழுத மாட்டேன். கேட்காதீர்கள். ஒரு தபால் தலையில் அனுப்புகிற சங்கதி இல்லை அது.

ஆனால் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் இருப்பது அம்மாவுக்குச் செய்கிற நியாயம் என்று நினைக்காதீர்கள். அது நியாயம் இல்லை, தப்பி ஓடுவது. பீட்டர்பரோவுக்கு ஓடின மாதிரி, கொஞ்சம் தூரமாக. நீங்கள் செத்துவிட்டால் என் கதி என்ன? இன்னொரு கல்லோடு சண்டை போட வேண்டும். எனக்கு உங்கள்மேல் இருக்கிற கோபத்தில் கால்வாசிகூட இன்னும் செலவாகவில்லை. மிச்சத்துக்கு நீங்கள் உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும், கதை சொல்லித் தப்பாமல், வாயை மூடிக்கொண்டு. பத்து வருஷமாவது ஆகும்.

கையெழுத்துப் போடுங்கள். போட்டுவிட்டேன் என்று எழுதுங்கள். வேறு எதையும் எழுத வேண்டாம்.

ஹேசல்


கூல்
22 ஜூலை 1987

ஹேசலுக்கு,

போட்டுவிட்டேன்.

வேறு எதையும் எழுத வேண்டாம் என்றாய். ஒன்று மட்டும் எழுத வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் உனக்கு வேறு யாராவது சொல்லி நீ என்னை மறுபடி கொலை செய்வாய்.

காகிதத்தைக் கொடுக்கப் போனேன். நர்ஸ் இன்னொரு படிவத்தை நீட்டினாள். பேர், வயது, மதம், பல்செட் உண்டா இல்லையா. கடைசியில் ஒரு கட்டம். ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்ல வேண்டும். யோசிக்காமல் வின்னியின் பேரை எழுதிவிட்டேன். நாற்பது வருஷப் பழக்கம், கை தானாக எழுதியது. நர்ஸ் விலாசம் கேட்டாள். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். "தப்பா எழுதிட்டேன், வேற படிவம் குடும்மா" என்றேன். "வேணாம் ஐயா, அடிச்சிட்டுப் பக்கத்துல எழுதுங்க" என்றாள். அடித்தேன்.

பக்கத்தில் உன் பேரை எழுதியிருக்கிறேன். உன்னைக் கேட்கவில்லை. இந்த மாதிரி வேலையைப் பற்றி மே மாதம் நானே பெரிய கூச்சல் போட்டவன்தான். இனி எனக்கு எது ஆனாலும், நல்லதோ கெட்டதோ, வேறு யாருக்கும் முன்னால் உனக்குச் சொல்வார்கள்.

இஷ்டமில்லை என்றால் பேரை எடுத்துவிடலாம். ஆனால் நேரில் வந்துதான் எடுக்க வேண்டுமாம், நர்ஸ் சொன்னாள். அப்படி அவள் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். மூன்றாம் தேதியே வார்டில் படுக்க வைத்துவிடுவார்கள். பார்வையாளர் நேரம் இரண்டிலிருந்து நாலு வரை. கோபத்தோடு வரலாமா என்று கேட்டேன், சத்தம் போடாமல் இருந்தால் வரலாம் என்றாள்.

சத்தம் போட்டாலும் பரவாயில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

கிளிஃபோர்ட் மாமா